பிளாஸ்டிக்கில் வெந்த செடிகள்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விடுப்பு இன்றோடு முடிகிறது. அண்ணனுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, படுத்த இடத்திலிருந்தே வீட்டை அதிகாரம் செய்யத் தொடங்கிவிட்டார். "நீ கிளம்பு, உன் பழைய பேப்பரெல்லாம் உன்னைத் தேடும்" என்று கிண்டல் வேறு. அண்ணி மட்டும் கதவோரம் நின்று, போகாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

இருக்க முடியாது. கல்லூரியின் சிறப்புச் சேகரிப்பு அறைச் சாவியை நூலகரிடம் ஒப்படைத்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர். திரையை விலக்காதீர்கள், டீயை உள்ளே கொண்டுபோகாதீர்கள், எதையும் இடம் மாற்றாதீர்கள் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். "நான் என்ன சின்னப் புள்ளையாம்மா?" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் அறையைத் திறந்ததும் ஒரு நாற்றம். புது மழைக்கோட்டு நாற்றம், அதோடு கீரை வெந்த வாடை. மேசை மேல் பளபளவென்று ஓர் அடுக்கு. ஏதோ உணவகத்தின் விலை அட்டைகளை யாரோ இங்கே வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்த பிறகுதான் புரிந்தது. தாவரவியல் டீச்சரின் உலர்செடித் தாள்கள். லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார்கள்.

லேமினேஷன்!

இந்தக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அந்த டீச்சர். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் ஊரைச் சுற்றுவார். பஸ் நிலையத்துச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாக்கடை ஓரம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத இடங்களில் முளைத்ததைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, எங்கே எப்போது எடுத்தது என்று பென்சிலில் எழுதினார். உதிர்ந்த விதைகளை வீணாக்காமல் ஒரு காகித உறையில் மடித்து, அதே தாளின் ஓரத்தில் ஒட்டினார். அந்த இடங்களில் பாதி இன்று கான்கிரீட். அங்கே என்ன வளர்ந்தது என்பதற்கு இந்தத் தாள்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இப்போது இலைகள் எல்லாம் ஊறப்போட்ட டீத்தூள் நிறம். பூக்கள் நசுங்கி எண்ணெய்க் கறை மாதிரி பரவிக் கிடக்கின்றன. விதை உறைகளின் மேலேயும் உருளையை ஏற்றியிருக்கிறார்கள். விதைகள் வெடித்து, உறைக்குள்ளே மாவாகிவிட்டன. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் இலையும் சேர்ந்தே உரியும். இனி ஒன்றும் செய்ய முடியாது. பாதிக் கட்டுகள் போய்விட்டன. மீதி மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

யாரய்யா சொன்னது இதைச் செய்யச் சொல்லி?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல்வர்தான். வேறு யார். பளபளப்பாக எது இருந்தாலும் பிடிக்கும் என்பதால் ஆசிரியர் அறையில் அவருக்குப் 'பளபளா' என்று பெயர். வந்த வருடமே மரப்படிகளுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டியவர்.

"பாத்தீங்களா மேடம்? எப்படி இருக்கு?" என்றார், பிறந்தநாள் பரிசு கொடுத்தவர்போல.

"வெந்துபோயிருக்கு சார்."

சிரித்தார். நான் நகைச்சுவை செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார். "இனிமே பூச்சி அரிக்காது. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்."

இவர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். சூடு பட்டால் இலை என்னாகும், பிளாஸ்டிக்குக்குள் அடைபட்ட ஈரம் என்னாகும் என்று இவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது! சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். நுழைவாயில் கூடத்தில் இவற்றை வரிசையாக மாட்டப் போகிறாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்காரர் வந்து மீதிக் கட்டுகளையும் எடுத்துப் போவாராம்.

"சார், அதையாவது விட்டுடுங்க."

"செத்த செடிதானே மேடம், ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுறீங்க?"

வாய் வரைக்கும் வந்தது ஒன்று. மென்று விழுங்கினேன். விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நூலகரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். வயதில் மூத்தவர், அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசினேன்.

"நான் வேணாம்னுதான் நெனச்சேம்மா" என்கிறார்.

"நெனச்சா போதுமா? சொன்னீங்களா?"

"அவர் கேக்கிற மாதிரி கேக்கல. சாவியை நீட்டுங்கன்னு கையை நீட்டிட்டாரு."

மனசுக்குள் மறுத்தாராம்! மனசுக்குள்ளேயே ஓய்வும் பெற்றுக்கொள்ள வேண்டியதுதானே.

மதியம் லேமினேஷன் கடைக்கே போனேன். கடைக்காரர் பாவம், என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சர்டிபிகேட்னு சொல்லித்தாம்மா கூப்பிட்டாங்க. பாத்தா எல்லாம் செடி. உள்ள போகாதுன்னு சொன்னேன். தண்டு தடிமனா இருந்ததை மட்டும் வெட்டிட்டுப் போடச் சொன்னாரு உங்க முதல்வரு."

வெட்டியிருக்கிறார்கள். தண்டை. கத்தரிக்கோலால்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அறையின் குப்பைக்கூடை, வராந்தாத் தொட்டி, பின்கட்டு எல்லாம் தேடினேன். ஒரு தண்டு கூட இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். டீ வரவழைத்தார். டீ வந்தாலே எனக்குச் சந்தேகம்.

டீச்சரின் மகள்தான் இந்தக் கட்டுகளைப் போன வருடம் எங்களிடம் கொடுத்தவர். ஓய்வுபெற்ற செவிலியர். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்: தன்னைக் கேட்காமல் தாள்களில் எதுவும் செய்யக் கூடாது, செய்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று. முதல்வர் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது அதுதான் அவருக்குப் பயம்.

"அந்தம்மாவுக்கு இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். குழு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பக்குவமா நானே பேசிக்கிறேன்."

அதாவது மீதியும் வெந்த பிறகு. எடுத்துக்கொண்டு போக ஒன்றுமில்லாதபோது.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் டமால் டமால் என்று கழுவினேன். வீட்டுக்காரர் பொய்ப்பல் செய்யும் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, இன்னிக்குத் தட்டெல்லாம் உன் முதல்வரா?" என்றார். சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே ஒரு பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா உன் வேலைக்கு என்ன ஆகும்?"

"அந்த ரூம்ல இருந்து தூக்கிடுவாங்க."

"சொல்லலன்னா?"

அந்த அறையில் எனக்குப் பாதி வாழ்க்கை. எந்த அட்டைப்பெட்டி எந்தத் தட்டில் என்று இருட்டில் கூடச் சொல்வேன். அதை விட்டுவிட்டு எங்கே போவேன்? ஆனால் கட்டுகளை வாங்கும்போது டீச்சர் மகளிடம், அந்த அக்காவிடம், "என் பொறுப்பு" என்று சொன்ன வாய் இதுதானே.

ஆகஸ்ட் 10, சனி

சொல்லிவிட்டேன். தொலைபேசியில்தான். நேரில் போக முகமில்லை.

அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. வார்டில் கேள்வி கேட்கும் குரலில் கேட்டார்: "மிச்சம் எவ்வளவு? எங்க இருக்கு? எப்ப எடுக்க வர்றாங்க?"

"செவ்வாய்க்கிழமைக்கா."

"அப்ப நான் திங்கக்கிழமை வர்றேன்."

ஆகஸ்ட் 12, திங்கள்

வாடகை வேனோடு வந்துவிட்டார். முதல்வர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நூலகர் கதவருகில் நின்று, "அவர் வந்ததும் கேட்டுட்டுப் பண்ணலாமே" என்று இழுத்தார். அக்கா நிபந்தனைத் தாளை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். "கேட்டுட்டுத்தான் பண்ணணும்னு இதுல எழுதியிருக்கு. உங்க ஆள் கேட்டாரா?" நூலகர் ஒதுங்கி வழிவிட்டார்.

முதலில் கெட்டுப்போனவற்றைக் காட்டச் சொன்னார். ஒரு அட்டையை சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எடுத்த கொடி அது, தண்டு இல்லாமல். "இதைப் பறிக்கும்போது நானும் கூட இருந்தேன். அம்மா சேத்துல வழுக்கி விழுந்துட்டாங்க, செடியை மட்டும் மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு" என்றார். பிறகு அட்டையை மேசை மேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார். "இது அவங்களுக்கே இருக்கட்டும்."

மீதிக் கட்டுகளை நானே சுமந்தேன். ஒரு காகிதம் வெளியே போனால் கூட மாணவர்களைத் துரத்திப் பிடிக்கிறவள் நான். இன்று என் கையாலேயே அலமாரியைக் காலி செய்து வேனில் ஏற்றினேன். வாயிலில் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "செடின்னு போட்டிருக்கு, தொட்டி எங்கம்மா?" என்று வேனுக்குள் தலையை விட்டுத் தேடினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "கல்லூரிச் சொத்தை வெளியே அனுப்பியதால்" என்று காரணம். கல்லூரிச் சொத்தாம்! கெடுக்க விட்டவருக்கு அறை, காப்பாற்றியவளுக்கு மாற்றல். என்ன நியாயம் இது? யாரிடம் போய்க் கேட்பது?

சாவியைத் திரும்ப நூலகரிடமே கொடுக்கச் சொன்னார்கள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 11, புதன்

குழு வந்து போனது. வெந்த செடிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். 'முன்மாதிரியான பாதுகாப்பு முறை' என்று பாராட்டாம். பக்கத்துக் கல்லூரி முதல்வர் கடைக்காரரின் முகவரியை வாங்கிப் போயிருக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்வு நுழைவுச் சீட்டுகளில் முத்திரையை இடித்த இடியில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே போய்விட்டார்.

அக்கா வீட்டுக்கு ஞாயிறுதோறும் போகிறேன். தாள்களை உறைகுளிர் பெட்டியில் வைத்தால் பூச்சி சாகும் என்று சொன்னேன். ஐஸ்கிரீமை எல்லாம் எடுத்துப் பேரனிடம் கொடுத்துவிட்டு, "இனிமே இது அம்மாவோட இடம்" என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டார்.

நவம்பர் 22, வெள்ளி

மழை தொடங்கி இரண்டு வாரம். முதல்வர் நுழைவாயில் கூடத்துக்கு வரச் சொன்னார். பிளாஸ்டிக்குக்குள் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. உள்ளே அடைபட்ட ஈரம் தன் வேலையைக் காட்டிவிட்டது. சில அட்டைகளில் செடி இருந்த இடமே தெரியவில்லை. இதைத்தானே அன்றைக்கே சொன்னேன்! சொல்லிக்காட்ட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அட்டைகளைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. டீச்சர் சேற்றில் விழுந்து காப்பாற்றிய கொடியும் அங்கேதான் தொங்குகிறது.

"இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா மேடம்?"

"முடியாது சார்."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாகிட்ட மிச்சம் இருக்குல்ல. குழு மறுபடி வருது. நீங்க சொன்னா கேப்பாங்க. வாங்கிக் கொடுத்துட்டு, திங்கக்கிழமையே உங்க ரூமுக்குப் போயிடுங்க. உத்தரவை நான் இன்னிக்கே போடுறேன்."

லேமினேஷன் இனி கிடையாது என்று அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "இந்தத் தடவை கண்ணாடிச் சட்டம் போட்டு, உள்ள நல்ல லைட்டா வெச்சிடலாம்."

திரும்பும்போது அந்த அறை வழியாகத்தான் வந்தேன். கதவு திறந்திருந்தது. நூலகர் என் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வந்துடுங்கம்மா" என்றார். எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதினால் வெட்கம்.

நவம்பர் 24, ஞாயிறு

அக்கா வீட்டில் காலை முழுவதும் விதை உறைகளுக்குப் புதுத் தாள் வெட்டினோம். அவர் அளந்து கோடு போட, நான் வெட்ட. பஸ் நிலையத்துச் சுவரோரம் எடுத்த புல் ஒன்று, கதிர் கூட உதிராமல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன சொல்றாங்க உங்க காலேஜ்ல?" என்று கேட்டார் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். எனக்காக. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன். "அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் கொடுங்க."

மாலையில் வீட்டுக்கு வந்து, நாளைக்குத் தேர்வுப் பிரிவுக்கு உடுத்தப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.