மூன்று அங்குலமா, ஐந்தா

மார்ச் 4
தம்பியை அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. இனி மல்லாந்தபடியே, சீலிங்கைப் பார்த்தபடியே. இன்று அவன் அறையில் படுத்துப் பார்த்தேன். சுவரும் சீலிங்கும் சேரும் இடமெல்லாம் விரிசல், ஈரக்கறை. இதையா பார்த்துக்கொண்டு கிடப்பான்? அதை மறைக்கச் சுற்றிலும் கார்னிஸ், அதுதான் அந்தப் பிளாஸ்டர் பட்டை, ஓட்டிவிட வேண்டும்.

மார்ச் 6
மேஸ்திரி டேப் பிடித்து அளந்தார். எட்டடி உயரம்.
"தாழ்வான ரூம்மா. மூணு இஞ்ச் போதும். அதுக்கு மேல போனா தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்."
கடையில் ஐந்து அங்குலப் பட்டை, இலையும் பூவுமாக, அவ்வளவு அழகு. அதையே போடச் சொன்னேன்.
"உங்க இஷ்டம்" என்றார்.

மார்ச் 9
ஏன் இப்படி ஓடியாடுகிறேன் என்று எனக்குத் தெரியும். நாய் குறுக்கே வந்தது என்று போலீசிடமும் சொன்னேன், அம்மாவிடமும் சொன்னேன். நாய் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டேன். பக்கத்து சீட்டில் தம்பி. எனக்கு நெற்றியில் நாலு தையல் — அவ்வளவுதான்.
நாலு மாதமாக அம்மாவிடம் பேசுகிறான். என்னிடம் இல்லை.

மார்ச் 12
வந்துவிட்டான். பேசவில்லை.

மார்ச் 13
பேசினான்! சாப்பாடு ஊட்டும்போது, கண்ணை மேலிருந்து எடுக்காமல்.
"ரொம்பப் பெருசு. மேல வந்து அமுக்குது. கழட்டச் சொல்லு."
என்னிடம்தான் சொன்னான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 15
அவனைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு எல்லாவற்றையும் உடைத்தெடுத்தோம். 'அப்பவே சொன்னேனே' என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர். தம்பியை மறுபடி அங்கே படுக்கவைத்ததும், இரண்டு, மூன்று, நான்கு அங்குலத்துக்கு அட்டை வெட்டி மூலையில் ஒட்டிக் காட்டினேன்.
"ரெண்டு, கொடிக்கயிறு மாதிரி இருக்கு. மூணு சரி. பூ கீ எதுவும் வேணாம்."
ஒரு சட்டை எடுப்பதற்குள் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்துவானே, அதே குரல்.

மார்ச் 17
மூன்று சுவர் முடிந்தது. மேஸ்திரி கிளம்பிய பிறகு, அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது, தம்பி கேட்டான்.
"நாய் என்ன கலருக்கா?"
கீழே கிடந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.
"நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். உன் தலை சாயறதப் பாத்தேன். கூப்பிடறதுக்குள்ள... நீயா சொல்லுவேன்னு நாலு மாசமாப் பாத்துட்டு இருக்கேன்."
"தூங்கிட்டேன்டா. தூங்கிட்டேன்."
"அம்மாகிட்ட சொல்லு."

மார்ச் 18
சொன்னேன்.

மார்ச் 21
அறை வேலை முடிந்தது. அளவு பொருந்தித்தான் இருக்கிறது. சீலிங் கொஞ்சம் உயர்ந்ததுபோலக்கூடத் தெரிகிறது. கதவருகே நின்று பார்த்தேன். அம்மா அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.
"அம்மா, அக்கா நிக்கிறா பாரு" என்றான்.
அம்மா திரும்பவில்லை. கரண்டியில் அடுத்த வாயை எடுத்தாள்.