மன நிம்மதிக்கு ஒரு மட்டை

ஜனவரி 8
பிரஷர் மாத்திரையோடு டாக்டர் ஒரு பொழுதுபோக்கையும் எழுதிக் கொடுத்தார். "மூக்குக்கண்ணாடிக் கடையும் வீடும் மட்டும் போதாது சார். மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது பண்ணுங்க." மைத்துனன் மாலையில் இறகுப்பந்து ஆடுகிறான். அவனோடு போகலாம்.

"தம்பியோட சண்டை போடாம இருந்தா சரி" என்றாள் மனைவி. எனக்கென்ன பைத்தியமா?

ஜனவரி 19
படுத்ததும் தூக்கம். இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டு என்ன கிழித்துக்கொண்டிருந்தேன்?

பிப்ரவரி 27
இரட்டையர் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. "சும்மா ஆடலாமே அத்தான்" என்று இழுத்தான் மைத்துனன். சும்மா ஆட ஊஞ்சல் போதாதா?

மார்ச் 14
கனவிலும் பந்து வலையில் விழுகிறது. இன்று ஒரு அம்மாளுக்கு வலது கண் பவரை இடது கண்ணில் மாட்டி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்து, "இதப் போட்டா தரை மேல வருது தம்பி" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். மனம் என்னவோ கோர்ட்டில்தான்.

மார்ச் 24
தோற்றோம். கடைசிப் பந்தைக் கோட்டைவிட்டது அவன். விட்டுவிட்டுச் சிரிக்கிறான் — சிரிக்கிறான்! எல்லார் முன்னாலும் கத்தினேன்: "உனக்கெல்லாம் எதுக்குடா மட்டை, ஈ ஓட்டவா?"

முகம் செத்துவிட்டது அவனுக்கு. "ஆபீஸ்ல நாள் முழுக்கத் திட்டு வாங்கிட்டுத்தான் இங்க வர்றேன் அத்தான். இங்கயுமா?"

மட்டையை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 26
மனைவி பேசவில்லை. பிரஷர் முன்னைவிட அதிகம். கொஞ்ச நாள் ஆடக் கூடாதாம். மருந்தென்று கொடுத்ததற்கே பத்தியம்!

ஏப்ரல் 5
கை பரபரக்கிறது. எதைப் பார்த்தாலும் எரிச்சல். "குடிய விட்டவன்கூட இப்படி ஆடமாட்டான்" என்றாள். பேசிவிட்டாள், அதுவரை லாபம்.

ஏப்ரல் 20
மைத்துனன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு தொண்டைவரை வந்தது, வாய்க்கு வரவில்லை. என்னென்னவோ உளறினேன். கடைசியில், "நீ இல்லாம நல்லால்லடா" என்று வந்துவிட்டது. "டாக்டர் ஆடலாம்னு சொல்லட்டும், வர்றேன்" என்றான்.

மே 10
டாக்டர் ஆட விட்டுவிட்டார். மனைவியும் வந்தாள், மட்டை பிடிப்பது முதல் தடவை. அக்காவும் தம்பியும் ஒரு பக்கம், நான் தனியே எதிரில். வந்ததையெல்லாம் விட்டாள். கடைசியில் ஒன்று மாட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தாள். பந்து என் தலைக்கு மேலே போய்க் கோட்டுக்கு நன்றாக வெளியே விழுந்தது. சந்தேகமே இல்லை.

"உள்ளே!" என்றேன்.

அவள் குதித்த குதி! மைத்துனன் கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கண்ண டெஸ்ட் பண்ணிக்குங்க அத்தான்."