குல்பைராவின் பிளாஸ்டிக் பை

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று கல்யாண விருந்து. பிஷ்கெக்கில் பாதி ஜனம் அங்கேதான். என் மனைவி குல்பைரா தமாதா, அதாவது மைக்கைப் பிடித்து விருந்தை நடத்துகிறவள். முடிந்ததும் வழக்கம்போல பிளாஸ்டிக் பையை எடுத்தாள். மேஜையில் மிஞ்சிய குதிரைக்கறி, பூர்சோக் என்கிற பொரித்த ரொட்டி, யாரோ பாதி கடித்த ஆப்பிள், எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். ஊரே செய்கிறது, தெரியும். அதற்காகக் கணினி வாத்தியாரின் பெண்டாட்டியுமா?

"நல்லதாப் பார்த்து எடேன்" என்றேன்.

"பார்த்துப் பார்த்து எடுத்தா எதையாவது விட்டுட்டுத்தான் வருவோம், வாத்தியாரே. மொத்தமா அள்ளணும்."

அக்டோபர் 7, திங்கள்

அவளுடைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது. நான் போட்டுக் கொடுத்த லினக்ஸுக்கும் அதே வயது. படிப்படியாகப் புதுப்பிக்க முடியாத பழசு. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அவளுக்குப் பயம். பிழைப்பே அதில் இருக்கும் ஒலிப்பலகைச் செயலிதான், பொத்தானைத் தட்டினால் பாட்டு. மணப்பெண் நுழைந்தால் ஒரு பொத்தான், தாய்மாமன்களை அழைக்க ஒன்று, வோட்கா ஏறி மைக்கை விடாத பெரியவரை உட்கார வைக்கும் முரசுக்கு ஒன்று. வருடக்கணக்காக அடுக்கியது.

"சனிக்கிழமை விருந்து இருக்கு. ஏதாவது போச்சுன்னா உங்களைத்தான் மேடையேத்திப் பாட விடுவேன்."

சிரிப்புத்தான் வந்தது. எங்கள் லினக்ஸ் குழுவில் யார் என்ன கேட்டாலும் "முதலில் கையேட்டைப் படி" என்று பதில் போடுகிறவன் நான். என்னிடமா?

அக்டோபர் 8, செவ்வாய்

வெட்கக்கேடு. பள்ளியிலிருந்து வந்தால், அம்மணி தனியாக வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து முடித்திருக்கிறாள். எப்படி? தன் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டு! குப்பை, கூளம், மங்கிய படங்கள், எல்லாம். இதிலும் பிளாஸ்டிக் பை புத்தி.

நான் முறையாகச் செய்தேன். அந்த ஃபோல்டருக்குள் போய், ஒரே வரிக் கட்டளை, 'எல்லாம்' என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி. ஃபைல்கள் பென் டிரைவில். செயலிகளின் பெயர்கள் தனியாக. இதற்குப் பெயர்தான் பேக்கப்.

அக்டோபர் 9, புதன்

துடைத்தாயிற்று.

அக்டோபர் 10, வியாழன்

புது லினக்ஸ் பறக்கிறது. செயலிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பாட்டு ஃபைல்களும் பத்திரம். ஒலிப்பலகையைத் திறந்தேன்.

காலி.

ஒரு பொத்தான்கூட இல்லை. ஏன்? — ஐயோ. அந்தச் செயலி தன் அடுக்கையெல்லாம் மறைவான ஃபோல்டரில் வைத்திருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குகிற ஃபோல்டர். நட்சத்திரக் குறி அதைத் தொடவே தொடாது. வருஷா வருஷம் பசங்களுக்கு நானே நடத்துற பாடம்! இதுக்கு மார்க் வேற குறைச்சிருக்கேன்!

மாணவன் ஒருவன் செய்த தப்பு என்று குழுவில் எழுதி, வழி கேட்டேன். எர்மெக் உடனே பதில் போட்டான்: "முதலில் கையேட்டைப் படி." கடன்காரன்.

அக்டோபர் 11, வெள்ளி

அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு நான் என்னத்த வச்சு விருந்தை நடத்துவேன்?" என்றாள், என்னைப் பார்க்காமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "என் டிஸ்க்குல இருக்கான்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அதை நான் பேக்கப் என்றே மதிக்கவில்லையே.

ஃபோல்டரை முழுசாகத் தூக்கினால் உள்ளே மறைந்திருப்பதும் கூடவே வரும். வந்திருந்தது. அவள் அள்ளிய குப்பைக்கு நடுவில், புள்ளி வைத்த ஃபோல்டர், எலும்பும் கொழுப்புமாக. எடுத்துப் போட்டேன். பொத்தான்கள் வரிசை குலையாமல் வந்து நின்றன.

எப்படிச் சரியானது என்று விளக்க எழுந்து நின்றேன். "கையேட்டில் இதைப்பற்றி என்ன இருக்கிறதென்றால்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அவள் முரசுப் பொத்தானை அழுத்தினாள்.

உட்கார்ந்தேன்.

அக்டோபர் 12, சனி

விருந்து நன்றாக நடந்தது. தாய்மாமன்களுக்கு அவரவர் பாட்டு.

சாப்பாடு முடிந்ததும் குல்பைரா மேடையில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து விரித்தேன். எதிரே எர்மெக் வேறு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். கறி, பூர்சோக், எலும்பு, எல்லாம் போட்டேன். பாதி கடித்த ஆப்பிளையும் விடவில்லை.