அட்டை பிரிக்காத லைஃப் ஜாக்கெட்

ஐப்பசி, பௌர்ணமிக்கு மறுநாள். ஞாயிறு இரவு.

கயாக் படகு வாங்கியாயிற்று. புதிது என் கைக்கு எட்டாது என்பதால் விளம்பரம் பார்த்து வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்குப் போனேன். புதிதாகக் கற்பவனுக்கு அகலமான பிளாஸ்டிக் படகுதான் ஆடாமல் நிற்கும் என்று படித்திருந்தேன். இது அப்படித்தான் இருந்தது. விலையும் நம்ப முடியாத அளவுக்குக் கம்மி.

உட்கார்ந்து பார்த்தேன். கால் ஊன்றும் கட்டை எனக்கு எட்டவில்லை. என்னைவிட உயரமான யாருக்காகவோ தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"பையனோடதுங்க," என்றார் வீட்டுக்காரர். உள்ளே போய் ஒரு லைஃப் ஜாக்கெட்டையும் கொண்டுவந்தார். "இதையும் எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்."

படகு முழுக்கக் கீறல். ஜாக்கெட் மட்டும் புத்தம் புதிது. கடை அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

"போட்டதே இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்?

அவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியுங்க."

எந்த ஏரி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காலையில் கிளம்பும்போது சாந்தி, "மலை சுத்துற ஊர்ல உங்களுக்குப் படகு கேக்குதா? சரி, லைஃப் ஜாக்கெட்டு எவ்ளோ ஆவும்?" என்றாள். "அது தண்டச் செலவு. எனக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமே" என்றேன்.

இப்போது அந்த ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஃபேன் காற்றில் அந்த அட்டை மட்டும் ஆடுகிறது, டப் டப்பென்று கதவில் படுகிறது. சாந்தி தூக்கக் கலக்கத்தில், "அத கத்திரிச்சுப் போட்டுட்டு வந்து படுங்களேன்," என்கிறாள்.

கத்திரிக்கோல் இங்கேதான், எழுதிக்கொண்டிருக்கும் இந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.