ஐம்பது நிமிடத்தில் மங்களூர் வராதது பற்றி

அனுப்புநர்:
அ. பார்வதியம்மாள்,
தெலங் ரோடு, மாதுங்கா,
பம்பாய்-19.

பெறுநர்:
பயணிகள் வசதி அதிகாரி அவர்கள்,
விமானக் கம்பெனி அலுவலகம்,
பம்பாய்.

பொருள்: பெல்காம் – மங்களூர் தூரத்தைத் தவறாக அச்சிட்டு, அதனால் எங்கள் இட்லியை நிறுத்தியது குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்று கேள்விப்பட்டதால் இம்முறை தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய முதல் மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

1. பம்பாயிலிருந்து பெல்காம் வழியாக மங்களூர் செல்லும் தங்கள் விமானத்தில், பெல்காமைத் தாண்டியதும் பயணிகளுக்குத் தரப்படும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலங்களை நான்கு வருடங்களாக நாங்கள் ஆறு பெண்கள் தயாரித்து வந்தோம். ஒரு நாளும் பொட்டலம் தாமதமானதில்லை. ஒரு நாளும் மாவு புளித்ததில்லை.

2. மார்ச் முதல் தேதி வெளிவந்த புதிய கால அட்டவணையில் பெல்காம் – மங்களூர் பயணம் ஐம்பது நிமிடம் என்று போட்டிருக்கிறது. பழையதில் எண்பது நிமிடம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பயணத்துக்கு மிட்டாய் மட்டுமே என்பது தங்கள் விதியாம். அன்றே இட்லி நின்றது.

3. விமானமோ அதே பழைய டகோட்டா. ஆகவே இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் தூரம் 200 மைல். புதியதில் 200 கிலோமீட்டர். மைலை அடித்துவிட்டுக் கிலோமீட்டர் என்று எழுதியவர் எண்ணை மாற்ற மறந்திருக்கிறார். அதை நம்பி இன்னொருவர் நேரத்தையும் குறைத்திருக்கிறார். அரசாங்கம் அளவை மாற்றச் சொன்னதே தவிர, ஊரை நகர்த்தச் சொல்லவில்லை.

4. இதைச் சொல்ல மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். மூன்றாம் முறை அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா, "மாமி, அச்சுல வந்தாச்சு. இனிமே அதுதான் டிஸ்டன்ஸ்" என்றார். எனக்கு வந்த கோபத்தை மனுவில் எழுதுவது மரியாதையல்ல.

5. மங்களூரில் வங்கியில் வேலை பார்க்கும் என் தம்பி வேங்கடசுப்ரமணியன் ஒரு வாரம் விமான நிலையத்துக்கே போய் விசாரித்து எழுதியிருக்கிறான். தினமும் எண்பதாவது நிமிடத்தில்தான் விமானம் இறங்குகிறது. தினமும் முப்பது நிமிடத் தாமதத்துக்கு ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிக்கிறார்கள். தினமும் வருத்தப்படத் தெரிந்த கம்பெனிக்கு ஒரே ஒரு எண்ணைத் திருத்தத் தெரியாதா?

6. எங்களுக்கு மாவு அரைப்பவள் தாராவி முருகம்மாள். கணவன் இல்லை, மூன்று பிள்ளைகள். "ரெண்டு ஊரும் கிட்ட வந்துட்டுன்னா சந்தோசந்தாம்மா. எம் பிள்ளையளுக்கு வயிறு சுருங்கலியே" என்கிறாள். இட்லி திரும்பாவிட்டால், எட்டாவது படிக்கும் மூத்த மகளை ஏப்ரல் முதல் தேதி பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கு அனுப்பப் போகிறாள்.

ஆகவே ஐயா, வரும் புதன்கிழமை தாங்களே அந்த விமானத்தில் ஏறி, பெல்காமில் கிளம்பியதிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கும்படி வேண்டுகிறேன். ஐம்பதாவது நிமிடத்தில் மங்களூரில் இறங்கினால், இனி நான் ஒரு வரி எழுதமாட்டேன். இறங்காவிட்டால் தங்களுக்குப் பசிக்கும். அதற்காக, முருகம்மாள் அரைத்த மாவில் வார்த்த நான்கு இட்லிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் தடவியிருப்பதால் புதன்கிழமை வரை தாங்கும். அந்தப் பெண்ணின் படிப்பு அடுத்த திங்கள் வரைதான் தாங்கும்.

இடம்: மாதுங்கா
தேதி: 25-3-1963

இப்படிக்கு,
அ. பார்வதியம்மாள்
மற்றும் ஐவர்

இணைப்பு: பழைய அட்டவணை ஒன்று, புதிய அட்டவணை ஒன்று, இட்லி நான்கு.