ஒற்றைக் கையுறையில் வந்த விதைகள்

செயின்ட் அந்தோணி,
நியூஃபவுண்ட்லாந்து
14 ஏப்ரல் 1997

அன்புள்ள ரானல்டுக்கு,

ஆறு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்னிஸுக்கு வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து வலியை அடக்குகிறது, ஆனால் எது சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு படகுக்காரர் கொஞ்சம் கஞ்சா கொடுத்தார். அன்றைக்கு இன்னிஸ் ஒரு கிண்ணம் மீன் சூப்பை முழுசாகக் குடித்துவிட்டு, "இன்னொரு கரண்டி ஊத்துடி" என்றான். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். அந்தப் படகு போய்விட்டது. இங்கே வேறு யாரிடமும் கிடைக்காது.

நீ கலப்பினம் செய்து உண்டாக்கிய குட்டைக் கஞ்சா ரகம் இடுப்புக்கு மேல் வளராது, ஆகஸ்ட் கடைசிக்குள் பூ முற்றிவிடும். இங்கே செப்டம்பரிலேயே உறைபனி விழும். வேறு எந்த ரகமும் இந்தக் குளிருக்குள் பூக்காது. நாலைந்து விதை அனுப்பு. உன்னை விட்டுவிட்டு அவனோடு வந்தவள் நான். உன்னிடம் கேட்க எனக்கு முகமில்லை. இருந்தும் கேட்கிறேன்.

இஷ்பெல்

*

இன்வர்னெஸ், கேப் பிரெட்டன்
2 மே 1997

இஷ்பெலுக்கு,

கடிதம் கிடைத்தது. 'அன்புள்ள' என்று போட்டிருந்தாய். எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னிஸின் நோய்க்கு வருத்தம் தெரிவிப்பது மரியாதை. தெரிவித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் சீட்டாட வந்து, என் மேஜையில் என் ரொட்டியைத் தின்று, என் விறகில் குளிர் காய்ந்தவன் அவன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் தாவரவியல் படித்த பிள்ளைகளுக்குக்கூட உங்கள் இருவர் விவகாரம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் சிரிப்பார்கள்.

அந்தக் குட்டை ரகத்துக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. மலைநாட்டுக் குட்டையையும் வெப்பநாட்டு நெட்டையையும் சேர்த்தது நான். ஆண் செடிகளைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிப் போட்டவள் நீ. அந்த நெட்டைத் தாய்ச்செடி உனக்கு நினைவிருக்கும். கண்ணாடிக் கூரையை முட்டிக்கொண்டு, நவம்பரில்கூடப் பூக்காமல் நின்றதே.

விதைகளைக் கையுறையின் கட்டைவிரலுக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். நீ எனக்குப் பின்னிக் கொடுத்த ஜோடியில் ஒன்று. மற்றது என்னிடமே இருக்கட்டும்.

ர. மக்கூயிஷ்

*

செயின்ட் அந்தோணி
30 ஜூன் 1997

அன்புள்ள ரானல்டுக்கு,

எழுத்துப்பிழை இல்லை. தெரிந்துதான் போடுகிறேன்.

ஐந்து விதையும் முளைத்தன, ஒன்றுதான் பிழைத்தது. ஜன்னலோரம் வளர்த்து, கொட்டகையின் தெற்குச் சுவரை ஒட்டி நட்டிருக்கிறோம். வளைகுடாவில் இன்னும் பனிப்பாறை மிதக்கிறது. ராத்திரியில் பழைய போர்வையால் மூடிவிடுகிறேன். இன்னிஸ் பகலெல்லாம் நாற்காலியைப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டு அகதா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏய் இன்னிஸ், காலையிலேர்ந்து காவல் காக்குறியே, அது என்ன உன் வைப்பாட்டியா?" என்றாள். "வைப்பாட்டிய விட மேல் அகதா. இது வாயே தொறக்காது. நீயும் கொஞ்சம் கத்துக்க" என்றான். எத்தனை நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான் தெரியுமா!

அந்தக் கையுறையை அவன் கழற்றுவதே இல்லை. விரலெல்லாம் எப்போதும் ஜில்லிட்டுக் கிடக்கிறது. "ரானல்ட் பெரிய மனசுக்காரன்டி. நானா இருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்" என்கிறான். மற்றக் கைக்கானதைப் பனிக்காலத்தில் அனுப்புவாய் என்று வேறு சொல்கிறான்.

இஷ்பெல்

*

இன்வர்னெஸ்
17 ஜூலை 1997

இஷ்பெலுக்கு,

பெரிய மனசு என்று அவன் சொன்னதை இரண்டு முறை படித்தேன். என் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவனுக்கு அது தென்படவில்லை போலிருக்கிறது.

தண்ணீரைக் குறைத்து ஊற்று. செடியின் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புது மண்ணில் சில சமயம் அப்படித்தான் போகும். இங்கே என்னுடையவை மொட்டு விட்டுவிட்டன.

கோடை விடுமுறையில் யாரும் வருவதில்லை. சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. தாளில் இடம் மிச்சமிருந்தது.

ரானல்ட்

*

செயின்ட் அந்தோணி
20 ஆகஸ்ட் 1997

ரானல்டுக்கு,

செடி என் தோளைத் தாண்டிவிட்டது. ஒரு மொட்டுகூட இல்லை. காற்றில் சாயாமல் இருக்க, இன்னிஸ் தன் படகுத் துடுப்பைப் பக்கத்தில் ஊன்றிக் கட்டச் சொன்னான். முடிச்சுப் போட அவன் கையில் தெம்பில்லை. நான்தான் கட்டினேன்.

மூன்று நாளாகச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும்தான். அதுவும் நிற்கவில்லை. அவனுக்கு அதிக நாள் இல்லை.

என்னிடம் சொல்ல உனக்கு ஏதாவது இருந்தால் இப்போது சொல். சொல்ல வாய் வராவிட்டால் வேண்டாம். உன் செடியில் காய்ந்தது இருந்தால் அதையாவது அனுப்பு. உடனே அனுப்பு.

இஷ்பெல்

*

இன்வர்னெஸ்
19 செப்டம்பர் 1997

அன்புள்ள இஷ்பெலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த வேலைகள். இரண்டு முறை எழுத ஆரம்பித்துக் கிழித்தேன்.

உங்கள் ஊரில் குளிர் அதிகம். வெயில் போதாது. அதனால்தான் செடி பூக்கவில்லை என்று நினைக்கிறேன். என்னுடையது நன்றாக வந்திருக்கிறது. நிழலில் காயவைத்து, மற்றக் கையுறைக்குள் அடைத்துத் தைத்து இத்துடன் அனுப்புகிறேன். கொஞ்சமாகக் கொடு. வெண்ணெயில் சூடாக்கி ரொட்டியில் தடவினால் தொண்டை எரியாது.

கையுறை ஜோடியாக இருக்கட்டும். இன்னிஸை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரானல்ட்

*

செயின்ட் அந்தோணி
3 அக்டோபர் 1997

ரானல்டுக்கு,

இன்னிஸ் செப்டம்பர் பதினொன்றாம் தேதி போய்விட்டான். உன் பொட்டலம் அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்தது.

குளிர், வெயில் என்று இனி யாருக்கும் எழுதாதே. நீ அனுப்பியது அந்த நெட்டையின் விதை. சின்னச் செடியாக இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. உயரத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்று ஜூலையில் எழுதினாயே, அதுவரை இங்கே நட்ட செடியின் உயரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் இலையைத் தொட்டுப் பார்த்தேன். குட்டையின் அகல இலை இல்லை, ஒவ்வொன்றும் விரல் மாதிரி ஒடுங்கி நீண்டிருந்தது. ஒன்பது வருஷம் பார்த்த கண் எனக்கு.

அப்போதே பிடுங்கி எறிந்திருப்பேன். கையையும் வைத்துவிட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து, "பாத்துடி, வேர் அசைஞ்சிடப் போவுது" என்று அவன் சத்தம் போட்டான். வலி வரும்போதெல்லாம் அந்தச் செடியைத்தான் பார்ப்பான். "ரானல்ட் என்ன மன்னிச்சிட்டான்டி" என்பான். அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? போர்வை போட்டு மூடினேன். தண்ணீர் ஊற்றினேன். நீ சொன்னபடி குறைத்து ஊற்றினேன்.

கடைசியில் அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். "இந்த வருசம் வெயிலே சரியில்ல. அவன் என்ன பண்ணுவான்? அவனத் திட்டாத" என்றான். அன்றைக்கும் அது பச்சைப்பசேலென்று கொட்டகைக் கூரைக்கு மேல் நின்றது. அடுத்த வாரம் உறைபனியில் கருகிவிட்டது. துடுப்பை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டேன்.

கையுறையோடுதான் அவனைப் புதைத்தேன். கழற்ற மனம் வரவில்லை. மற்றதைத் தையல்கூடப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது உன்னிடமே இருக்கட்டும்.

இஷ்பெல்