விரலில் குத்தச் சொன்ன வீடியோ

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் என்றால் நீ பேசியே ஜெயித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலது கை அசையவில்லை. பேச வாயெடுத்தால் பாதி வார்த்தை எச்சிலோடு போய்விடுகிறது. சலூனைப் பூட்டிவிட்டேன்.

அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. சலூனில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். கையிலிருந்து கத்தி நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. நாற்காலியில் இருந்தவர் சோப்பு முகத்தோடு எழுந்து, "அக்கா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். நீ போட்ட வீடியோ எனக்கு மனப்பாடம் ஆயிற்றே. "பக்கவாதம் வந்தா ஆளை நகர்த்தாதீங்க. பத்து விரல் நுனியிலயும் ஊசியால குத்தி ரத்தம் எடுங்க. வாய் நேரானதும் கூட்டிட்டுப் போங்க."

என் தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குத்தினேன். இடது கையை மட்டும் வலியில் இழுத்துக்கொண்டார். வாய் நேராகும் என்று மணிக்கணக்காகக் காத்திருந்தேன்.

டாக்டர் விரல்களைத் திருப்பிப் பார்த்து, "யாரும்மா இப்படிப் பண்ணது?" என்றார். "சீக்கிரம் வந்திருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து கொடுத்திருக்கலாம். இப்ப நேரம் தாண்டிடுச்சு."

உன்னைத் திட்ட எழுதவில்லை. அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடு, கண்ணு.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அது நானாகக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. எல்லோரும் போட்டதைத்தான் நானும் போட்டேன். கீழே 'மருத்துவரை அணுகவும்' என்றும் எழுதியிருக்கிறேன். எத்தனை பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? என்னை நாலு பேருக்குத் தெரியவைத்ததே அந்த வீடியோதான். நான் எடுத்துவிட்டால் மட்டும் உலகம் முழுக்க இருப்பது போய்விடுமா? கொஞ்சம் பொறு. அத்தான் தேறட்டும், நேரில் வந்து பேசுகிறேன்.

என்றும் உன் தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ சொன்ன 'மருத்துவரை அணுகவும்' எங்கே என்று தேடினேன். கண்ணாடி போட்டும் கண்ணில் படவில்லை.

நேற்றுக் காலையில் மாடி வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் பேச்சு குழறியது. சத்தம் கேட்டு ஓடினேன். அவர் மருமகள் கையில் ஊசி. தையல் மெஷின் மேல் போன். அதில் உன் குரல்.

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊசியைக் கீழ போடு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"இதுல அவர் சொல்றாரே அக்கா?"

"கீழ வந்து என் வீட்டுக்காரரைப் பாரு."

அவள் ஊசியைக் கீழே போட்டாள். போன் செய்தாள். நேரத்தோடு போனதால் மருந்து கொடுக்க முடிந்தது. இன்று அந்த அம்மா மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

அதைச் சொல்லத்தான் மாலையில் இங்கே வந்தாள். போனும் கையோடு இருந்தது. "இந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

திரையில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"தெரியாதும்மா" என்றேன்.

உன் அத்தான் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது ஓரிரு வார்த்தை தெளிவாக வருகிறது. இருந்தும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீ இங்கே வர வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம். அந்த வீடியோவை எடுத்தால் எனக்கே தெரிந்துவிடும். தினமும் போய்ப் பார்க்கிறேன்.

அக்கா